மினிட்ஸ் படிக்கும் வரை எழுந்து போகாதீர்கள்

கல்குவாரி, ஆலை, துறைமுகம் என்று எது வந்தாலும் அதற்கு முன்னால் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். வருவாய்த் துறையில் இருந்தபோது இந்தக் கூட்டங்களில் மேடைப் பக்கம் நின்று வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஊர்க்காரர்களோடு பந்தலில் உட்காருகிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

*எங்கள் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே இரண்டு கல்குவாரி ஓடுகிறது. இப்போது மூன்றாவதாக ஒன்று வருகிறது. அடுத்த மாதம் கல்யாண மண்டபத்தில் கூட்டமாம். போய்க் கையெழுத்துப் போட்டால் சம்மதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும், யாரும் போகக்கூடாது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?*
— வாசகி, அரவக்குறிச்சி வட்டம்

போங்கள் அம்மா, கட்டாயம் போங்கள். வாசலில் வாங்குவது வருகைப் பதிவுக் கையெழுத்து. நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. தாளின் மேலே என்ன தலைப்பு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தலைப்பு இல்லாத வெற்றுத்தாளை நீட்டினால் போடாதீர்கள், அவ்வளவுதான். இந்தக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கணக்கும் விதியில் இல்லை. ஊரே புறக்கணித்தாலும் கூட்டம் நடந்து முடிந்ததாகத்தான் எழுதுவார்கள். ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்ற வரியும் கூடவே சேரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

இது ஓட்டெடுப்பு இல்லை என்பதை ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள். 500 பேர் கை தூக்கி ‘வேண்டாம்’ என்றாலும் அதனால் மட்டும் திட்டம் நிற்காது. அனுமதி கொடுக்கிறவர்கள் உங்கள் மண்டபத்துக்கு வருவதில்லை. குவாரி என்றால் பெரும்பாலும் சென்னையில் இருக்கும் மாநில நிபுணர் குழுதான் பார்க்கும். அவர்கள் முன்னால் உங்கள் ஊர் ஒரு கோப்பாகத்தான் போய் நிற்கும். அந்தக் கோப்பில் ஊரின் குரல் என்பது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, நாங்கள் மினிட்ஸ் என்று சொல்வது. அதில் ஏறியதற்குத்தான் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

மினிட்ஸில் எது எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். “தூசி வரும், நாங்கள் எப்படிப் பிழைப்பது?” என்று கண்ணீரோடு ஒருவர் பேசுவார். குறிப்பில் “பொதுமக்களில் சிலர் தூசி குறித்துக் கவலை தெரிவித்தனர்” என்று ஒரு வரி விழும். எதிர்க் கட்டத்தில் நிறுவனத்தின் பதில்: “தண்ணீர் தெளிக்கப்படும்.” முடிந்தது. அதையே, “என் பெயர் இது, என் சர்வே எண் இது, குவாரி எல்லையிலிருந்து இத்தனை மீட்டரில் இத்தனை ஏக்கர் முருங்கை போட்டிருக்கிறேன், பூ எடுக்கிற மாதங்களில் தூசி படியாமல் இருக்க என்ன செய்வீர்கள், என் கிணறு இத்தனை அடி, அதை அளந்தீர்களா?” என்று சொல்லி, சொன்னதையே ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டால் அதை ஒரு வரியில் சுருக்க முடியாது. தாளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு அதில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மிக முக்கியமான ஒன்று. கூட்டத்தின் முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி விளக்க வேண்டும், தலைமை வகிக்கும் ஆட்சியரோ அவர் சார்பில் வந்த அதிகாரியோ அன்றைக்கே அதில் கையெழுத்துப் போட வேண்டும். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் நான் பார்த்த கூட்டங்களில், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்ததும் பந்தல் கலைந்துவிடும். காலி நாற்காலிகளுக்கு முன்னால் குறிப்பை வேகமாக வாசித்து முடிப்பார்கள். கடைசி வரை இருக்க ஊரில் பத்துப் பேரையாவது முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் சர்வே எண் விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து “சேருங்கள்” என்று சொல்லுங்கள். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும் என்பதும் விதிதான். நீங்கள் எழுந்து சொன்னது அதிலும் இருக்கும்.

ஏற்கெனவே இரண்டு குவாரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கையில் இருக்கும் பலமான விஷயம். ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைத் தொகுப்பாகக் கணக்கிட வேண்டும். தனித்தனியாகச் சின்னதாக இருந்தாலும் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக்கேட்பு வருகிறது. ஆகவே மூன்றுக்கும் சேர்த்துத் தூசி எவ்வளவு, வெடி அதிர்வு எவ்வளவு, ஒரே சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று கேளுங்கள். புதிய குவாரிக்கு மட்டும் கணக்குப் போட்டுக் காட்டினால் விடாதீர்கள்.

*அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு முந்நூறு பக்க ஆங்கிலப் புத்தகத்தைக் காட்டினார்கள். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவன். இதில் எதைப் படிப்பது, எங்கே தேடுவது?*
— வாசகர், ராதாபுரம்

நீங்கள் கேட்டது, திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று நிறுவனம் கொடுக்கும் அறிக்கை. அதற்குத் தமிழில் சுருக்க அறிக்கை கொடுப்பது விதிப்படி கட்டாயம். அதை முதலில் கேட்டு வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் இங்கெல்லாம் வரைவு அறிக்கையைப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். முழு அறிக்கையுமே தமிழில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2020-இல் இந்த விதிகளையே மாற்றும் வரைவை மத்திய அரசு கொண்டுவந்தபோது, அதை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் கொடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. நாடு முழுமைக்குமான விதிக்கு அப்படி என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் வெடி வைக்கப் போகிறவர்களின் அறிக்கையை ஊர்மொழியில் கேட்பதில் என்ன தவறு?

சரி, அதுவரைக்கும் என்ன செய்வது? கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்.

முதலில் வரைபடம். உங்கள் வீடு, கோயில், பள்ளிக்கூடம், கிணறு அதில் இருக்கிறதா? கல்குவாரி எல்லையிலிருந்து 300 மீட்டருக்குள் குடியிருப்பு இருக்கக்கூடாது என்பது தமிழ்நாட்டுச் சிறுகனிம விதி. குடியிருப்பு இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த கடிதமும் கோப்பில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதியில் எழுதியது என்று பாருங்கள். அதற்குப் பிறகு கட்டிய வீடா, முன்பே இருந்த வீடா என்பது வீட்டுவரி ரசீதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, தண்ணீர். அறிக்கைக்கு வேண்டிய அளவீடுகளை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். மார்ச் முதல் மே வரை வந்து பார்த்தால் நம் பக்கத்தில் எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும்? நான் போயிருந்த ஒரு கூட்டத்தில், திட்ட இடத்தில் நீர்வழி எதுவும் இல்லை என்று அறிக்கை சொன்னது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அடிக்கடி மடித்து மடித்து மடிப்பு கிழிந்த புல வரைபட நகல் ஒன்றும், நிலம் யாருடையது, எந்த வகை என்று சொல்லும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டின் நகல் ஒன்றும் அவர் கையில் இருந்தன. ‘ஓடை புறம்போக்கு’ என்ற வரிக்குக் கீழே நீல மையால் கோடு போட்டிருந்தார். அதிகமாக எதுவும் பேசவில்லை. சர்வே எண்ணை இரண்டு முறை நிதானமாகச் சொன்னார், நகலை மேஜையில் வைத்தார், ரசீது கேட்டார். அதற்கு நிறுவனத்திடம் பதில் இல்லை. இறுதி அறிக்கையில் குழியின் எல்லையை ஓடையை விட்டு உள்ளே தள்ளிப் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் உரக்கப் பேசியவர்கள் நிறையப் பேர். எல்லையை நகர்த்தியது அந்த நகல்தான்.

மூன்றாவது, செடி, மரம், பறவைகள் பட்டியல். உங்கள் ஊரில் இல்லாத மரத்தின் பெயர் இருந்தாலோ, தினமும் பார்க்கிற மயில் விட்டுப்போயிருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். வேறெங்கோ எழுதியதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையின் பகுதிகள் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து எடுத்தவை என்பது பின்னால் வெளியே வந்தது. இதையெல்லாம் ஊர்க்காரரைவிட வேகமாகக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

*தொழிற்பேட்டைக்குள் வருகிற ஆலை என்றால் கருத்துக்கேட்பே கிடையாது என்கிறார்களே, உண்மையா?*
— வாசகர், தூத்துக்குடி

விலக்கு இருக்கிறது. ஆனால் முறைப்படி அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குத்தான் அந்த விலக்கு. உங்கள் ஊரிலேயே அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. ஸ்டெர்லைட்டின் இரண்டாவது உருக்காலைக்குத் தொழிற்பேட்டை என்ற பெயரில் கருத்துக்கேட்பு இல்லாமலேயே அனுமதி வாங்கியிருந்தார்கள். 13 உயிர்களைப் பறித்த துப்பாக்கிச் சூடு தொடங்கியதற்கு மறுநாள், 2018 மே 23 அன்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கட்டுமானத்தை நிறுத்தி வைத்து, மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகே அனுமதியைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. மக்கள் சொல்வதைக் கேட்க ஒரு மேடை அதற்கு முன்னாலேயே இருந்திருக்க வேண்டும். அந்த நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உங்கள் பகுதித் தொழிற்பேட்டை தனக்கென்று சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கிறதா, எந்த ஆண்டு, எந்த வகை ஆலைகளுக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

*நான் சென்னையில் படிக்கிறேன். பழவேற்காட்டுக்காரன் இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றி நான் கருத்துச் சொல்லலாமா?*
— கல்லூரி மாணவர்

சொல்லலாம் தம்பி. கூட்டம் அந்தப் பகுதியில் பாதிக்கப்படுகிற மக்களுக்கானது. அக்கறை உள்ள மற்றவர்கள் எழுத்தில் கருத்து அனுப்ப அதே விதி வழி வைத்திருக்கிறது. கடற்கரையில் வருகிற திட்டம் சென்னையையும் தொடும் என்பதை நீங்களே எழுதலாம்.

330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்குப் பெருக்கும் திட்டம் அது. 2021 ஜனவரி 22-இல் நடக்க வேண்டிய கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி தேதி குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. இப்படித் தள்ளிப்போனால் புதிய தேதியை முன்பு விளம்பரம் கொடுத்த அதே நாளிதழ்களில் மறுபடி வெளியிட வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து விளம்பரம் வர வேண்டும். 2020 வரைவில் அதை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தார்கள். முந்நூறு பக்கம் படித்து, கிணறு அளந்து, ‘அ’ பதிவேடு நகல் வாங்க 30 நாளே போதாது.

*எவ்வளவு பேசினாலும் கடைசியில் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். பேசி என்ன பயன்?*
— வாசகி, எண்ணூர்

உங்கள் சலிப்பு நியாயமானது அம்மா. பல கோப்புகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கூட்டத்தில் பதிவானது அனுமதியோடு முடிந்துபோவதில்லை. கோவாவில் ஒரு சுரங்க வழக்கில் 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம், கருத்துக்கேட்பில் வந்த ஆட்சேபங்களை நிபுணர் குழு ஒவ்வொன்றாகப் பரிசீலித்துக் காரணம் எழுத வேண்டும் என்றது. ஆட்சேபமே பதிவாகாத ஊருக்கு இந்தத் தீர்ப்பால் எந்தப் பயனும் இல்லை.

அனுமதி வந்த பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடிவிடும். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. அனுமதி கிடைத்ததை நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், நாள் கணக்குக்கு அது உதவும். வழக்கறிஞர் முதலில் உங்களிடம் கேட்பது மினிட்ஸ் நகலும் நீங்கள் கொடுத்த மனுவும்தான்.

*எங்கள் மகளிர் குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாமா?*
— வாசகி, க.பரமத்தி

கொடுக்கலாம். ஆனால் ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் பதிவேட்டில் அது ஒரு மனு. ஒருத்தருக்குக் கிணறு, ஒருத்தருக்கு மாட்டுக் கொட்டகை, ஒருத்தருக்கு வெடியில் விரிசல் விட்ட சுவர், இன்னொருத்தருக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற பாதையில் லாரி என்று பிரச்சினை வேறு வேறாகத்தானே இருக்கும்? ஆளுக்கொரு தாளில் அவரவர் எழுதட்டும். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மேலே, கூட்டத்தை நடத்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலக முகவரி, கீழே பெயர், சர்வே எண் அல்லது கதவு எண், தேதி. கூட்டத்துக்கு முன்பே பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, கூட்டத்தன்று நகலைக் கையில் கொண்டு போங்கள்.