ஈறில் கசியும் இரத்தமும் மூன்று மாதச் சர்க்கரையும்

வாசகர் கேள்வி, பல் மருத்துவர் பதில். இந்த இதழுக்கு நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்குக்கும் நான் சொல்லும் பதில் ஏதோ ஓர் ஆராய்ச்சியைத் தொட்டுச் செல்கிறது.

கேள்வி: எனக்கு வயது 56. கோத்தகிரிக்கு அருகில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.2. பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் இரத்தம் வருகிறது. ஈறுக்குச் சிகிச்சை செய்துகொண்டால் சர்க்கரையும் குறையும், ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள் என்கிறார் பல் மருத்துவர். இது உண்மையா, அல்லது வியாபாரப் பேச்சா?

பதில்: உண்மைதான். ஆனால் எவ்வளவு குறையும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்காது.

முதலில் வாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். நலமாக இருக்கும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாது. காரை, அதாவது பல்லில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் அழுக்கு, படிந்து, அதன் மேல் கிருமிகள் குடியேறி, ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கினால் அந்த இடுக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள பையாகிவிடும். கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை அதற்குள் விட்டு, பல் மருத்துவர் ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளப்பது இந்த ஆழத்தைத்தான். பையின் உட்சுவர் முழுவதும் ஆறாத புண். ஈறு நோய் முற்றியவர்களிடம் இந்தப் புண்பரப்பை எல்லாம் கூட்டினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய புண் காலில் இருந்தால் மறுநாளே மேட்டுப்பாளையம் பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்குப் போய்விடுவோம். வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம். அந்தப் புண்ணிலிருந்து இரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருள்கள் இன்சுலின் சரிவர வேலை செய்வதைத் தடுக்கின்றன. மறுபுறம், இரத்தத்தில் ஏறிய சர்க்கரை ஈறின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துப் பையை இன்னும் ஆழமாக்குகிறது. ஆக, ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். 2013-ல் அமெரிக்காவில் 514 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆறு மாதம் கழித்து மூன்று மாதச் சராசரியில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இந்த முடிவை மட்டும் படித்த மருத்துவர்கள் பலர் ஈறைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். உங்கள் சர்க்கரை மருத்துவர் ஈறைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அதற்கும் அது காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வில் சிகிச்சைக்குப் பிறகும் பலருடைய பற்களில் அழுக்கும் ஈறில் இரத்தக் கசிவும் பெருமளவு மிஞ்சியிருந்தன என்று ஈறு நோய் நிபுணர்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வீட்டை அரைகுறையாகப் பெருக்கிவிட்டு, பெருக்குவதால் பயனில்லை என்று சொல்வது போன்றது அது என்பதே என் கருத்தும். 2018-ல் லண்டனில் 264 சர்க்கரை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஈறை ஆழமாகச் சுத்தம் செய்து, தேவைப்பட்டவர்களுக்கு ஈறு அறுவைச் சிகிச்சையும் செய்து, ஓராண்டு முழுவதும் விடாமல் கவனித்தார்கள். மற்றவர்களுக்கு மேலோட்டமான சுத்தம் மட்டுமே. ஆண்டின் முடிவில் முதல் பிரிவினரின் மூன்று மாதச் சராசரி 0.6 புள்ளி குறைவாக இருந்தது. 2022-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை, அதாவது மொத்தம் 3249 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்ததில் மூன்று நான்கு மாதங்களில் 0.43, ஆறு மாதங்களில் 0.30 என்ற அளவில் குறைவு கிடைத்தது.

உங்கள் கணக்கில் இதைப் போட்டால், 8.2 என்பது 7.8 வாக்கில் வரக்கூடும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை பொதுவாக ஒரு புள்ளிக்கு அருகில் குறைக்கும். அதில் ஏறக்குறையப் பாதியை ஈறு சிகிச்சை தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போகாதீர்கள், மாத்திரையோடு போங்கள். ‘முழு வாயையும் அளந்து, ஆழமான பைகளுக்குள் வேர் வரை சுத்தம் செய்வீர்களா?’ என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் மேல் காரையை மட்டும் எடுத்து அனுப்புவது நான் மேலே சொன்ன சிகிச்சை ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மறுபடி காட்ட வேண்டும்.

கூடவே ஒன்று. பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று உங்கள் ஊரில் யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். காரை எலும்பைத் தின்றபின், ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே காரைதான். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இல்லாமல் சொரசொரவென்று ஒரு திட்டு தட்டுப்பட்டால் அதுதான் காரை; உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் காரை அங்கேதான் முதலில் படியும். இரவில் குழாய்த் தண்ணீர் பல்லில் பட்டால் உயிர் போகிறது என்று பல் துலக்காமல் படுத்துவிடுவது மலையில் வழக்கம். வெதுவெதுப்பான நீரில் துலக்குங்கள்; தவறே இல்லை.

கேள்வி: விழுந்த பல்லை மறுபடி முளைக்க வைக்கும் மருந்தை ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று படித்தேன். என் அம்மாவுக்குப் பல் செட் கட்டுவதைத் தள்ளிப்போடலாமா? (குன்னூர் வாசகி)

பதில்: தள்ளிப்போட வேண்டாம். பல் வளர்ச்சிக்குத் தடை போடும் யூசாக்-1 என்ற புரதம் நம் உடலில் இருக்கிறது. அதை ஓர் எதிர்ப்பொருளால் (ஆன்டிபாடி) முடக்கினால், முளைக்காமல் நின்றுபோன பல் முளைக்கிறது என்று கியோட்டோ ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் சுண்டெலிகளிலும், கீரியைப் போன்ற உடலமைப்புள்ள ஃபெரெட் என்ற விலங்கிலும் காட்டினார்கள். ஃபெரெட்டை அவர்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எலிக்கு வாழ்நாளில் ஒரே வரிசைப் பல்தான், அதிலும் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஃபெரெட்டுக்கோ நம்மைப் போல் பால் பல், நிரந்தரப் பல் என்று இரண்டு வரிசைகள். 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதல் கட்டப் பரிசோதனை தொடங்கியது. அதற்கு எடுத்துக்கொண்டவர்கள் 30 முதல் 64 வயது வரையிலான 30 ஆண்கள். மருந்தால் தீங்கு உண்டா என்பதே அதன் முதன்மையான கேள்வி. அடுத்ததாக அவர்கள் குறி வைத்திருப்பது பிறவியிலேயே பல பற்கள் இல்லாத சிறு குழந்தைகளை. சொத்தையில் பல்லை இழந்த முதியவர்களை அல்ல.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆய்வக எலி புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் ஊட்டச்சத்தை ஆராய்ந்த மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் வைத்துத்தான் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். 1918-ல் அங்கே தொடங்கிய அந்தச் சிறிய ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. கோதுமை ரொட்டி, பால், காய்கறி தின்ற எலி கொழுத்ததும், நம் ஏழை மக்களின் அரிசிச் சாப்பாட்டைத் தின்ற எலி இளைத்ததும் நல்ல பாடம்தான். ஆனால் எலிக்குக் கிடைத்த முடிவை மனிதரிடம் சரிபார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை உங்கள் அம்மா கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருக்க முடியுமா? அளவு எடுத்துப் பல் செட் கட்டிவிடுங்கள்.

கேள்வி: ஈறு நோய் இருந்தால் மறதி நோய் வருமா? (உதகையிலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஈறு நோய்க் கிருமி ஒன்றின் நொதிகளை, அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் கண்டதாக 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது, செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏறத்தாழ ஓராண்டு கொடுத்துப் பார்த்ததில் நினைவாற்றல் சரிவு குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. இந்த இரண்டாவது செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. ஈறைப் பார்த்துக்கொள்ளுங்கள், மறதி பயத்துக்காக அல்ல, பல்லுக்காக.

கேள்வி: கூடலூர்ப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் பணியாற்றுகிறேன். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பலருக்குப் பால் பல் சொத்தை. பல் முகாமுக்கு வந்தவர்கள் ஒரு மருந்தைத் தடவினார்கள்; சொத்தை கறுப்பாகிவிட்டது. ‘பிள்ளையின் பல்லைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று தாய்மார்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: அவர்கள் தடவியது வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த 38 சதவீதக் கரைசலாக இருக்க வேண்டும். வெள்ளி கிருமியைக் கொல்லும். ஃபுளோரைடு மெத்தென்று ஆன பல்லைக் கெட்டிப்படுத்தும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் சுமார் 3000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2023-ல் வெளியான ஆய்வில், பல்லின் குழிகளைப் பூசி அடைக்கும் சிகிச்சைக்கு இந்த மருந்து குறைந்ததில்லை என்று தெரிந்தது. பல் மருத்துவர் அல்லாத செவிலியர் தடவினாலும் பலன் அதேதான் என்று அடுத்த ஆண்டில் காட்டினார்கள். ஊசி இல்லை, பல் குடையும் இயந்திரத்தின் சத்தம் இல்லை. பஞ்சால் ஈரத்தை ஒற்றிவிட்டு, சிறு தூரிகையால் ஒரு துளி தடவினால் போதும். பல் மருத்துவரைப் பார்க்க அரை நாள் வேலையை விட வேண்டியிருக்கும் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து வேறில்லை என்பேன்.

உண்மையான குற்றம், தடவுவதற்கு முன் தாய்மாரிடம் நிறம் மாறும் என்று சொல்லாததுதான். அடுத்த முறை முகாம் நடத்துபவர்களிடம், மருந்து தடவிய பல்லின் படத்தை முதலில் காட்டிச் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். நல்ல பல்லை இம்மருந்து கறுப்பாக்காது. சொத்தைப்பட்ட இடம் மட்டுமே கறுக்கும், அந்தக் கறுப்பும் அங்கே சொத்தை நின்றுவிட்டதற்கான அடையாளம். பழுப்பாகவும் மெத்தென்றும் இருந்த இடம் கறுத்துக் கெட்டியாகி இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் தடவ வேண்டும்; பால் பல் விழுந்தால் கறுப்பும் அதோடு போகும். இனிப்புத் தேநீரில் தோய்த்த வர்க்கியைப் படுக்கப்போகும் நேரத்தில் கொடுக்கும் பழக்கம் தொடர்ந்தால், பக்கத்துப் பல்லில் புதிய சொத்தை வருவதை எந்த மருந்தும் தடுக்காது. குழந்தை இரவில் வலியால் அழுதாலோ, ஈறில் சீழ்க் கொப்புளம் தெரிந்தாலோ, அந்தப் பல்லில் இந்த மருந்தைத் தடவக் கூடாது. அந்தக் குழந்தையை உடனே பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.