எஸ்எஸ்டி போட்டால் போதுமா, புதுக் கணினியே வாங்கணுமா?

வணக்கம். உங்கள் கணினியில் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10, ஆன் ஆகவே பத்து நிமிடம் என்கிறீர்கள். வேலையோ டேலியும் (கணக்கு எழுதும் மென்பொருள்) மகளின் ஆன்லைன் வகுப்பும்தான். இதற்காக உடனே புதுசு வாங்க வேண்டாம்.

முதலில் டாஸ்க் மேனேஜரை (கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவி) திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, சிபியு 20, 30-ஐத் தாண்டாமல் இருந்தால், பிராசஸர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டுப் பழைய கணினியும் இப்படித்தான் கர்ர் கர்ரென்று இரைந்துகொண்டே கிடந்தது, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா இணைப்பில் மாட்டும் வேகமான சேமிப்பகம்) மாட்டி விண்டோஸைப் புதிதாக ஏற்றியதும் அரை நிமிடத்தில் திறந்துவிட்டது. அப்புறம், குரோமுக்கு 4 ஜிபி பத்தாது, இன்னொரு 4 ஜிபி சேருங்கள். டிடிஆர்3 வகை ரேம் என்று கேட்டு வாங்குங்கள், டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

ஒரே சிக்கல், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்டுகள்) 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் நெட் பேங்கிங்கை இதில் செய்யாதீர்கள். எஸ்எஸ்டிக்குப் போட்ட காசு வீணாகாது, நாளைக்குப் புதுசு வாங்கினாலும், அதில் சாட்டா எஸ்எஸ்டி மாட்ட இடம் இருந்தால் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மதர்போர்டு (எல்லா பாகங்களும் இணையும் முக்கியப் பலகை) போனால் மட்டும் இதில் மேலும் செலவு செய்யாதீர்கள்.

டிஸ்க்கில் டக் டக்கென்று சத்தம் வருகிறதா? அப்படியானால் டிஸ்க் கெட்டுப்போகலாம்; டேலி டேட்டாவையும் போட்டோக்களையும் இன்றைக்கே பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.