பத்துப் பேரை இரண்டு சம அணிகளாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி: தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், ஓசூர் என்று பல ஊர்களில் இருக்கும் கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர் ஞாயிறு இரவுகளில், ஐவர் ஐவராக இரு அணிகள் மோதும் துப்பாக்கிச் சுடும் கணினி விளையாட்டான கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறோம். முதலில் 13 ரவுண்டுகளை வெல்லும் அணிக்கே ஆட்டம். நன்றாக ஆடும் இருவர் கேப்டன்களாக நின்று மாறி மாறி ஆள் எடுக்கிறார்கள். அண்ணன் தம்பி இருவர் மட்டும் எப்போதும் ஒரே அணியில்தான் ஆடுவார்கள். பெரும்பாலான ஆட்டங்கள் 13-3, 13-4 என்று முடிவதால், தோற்கும் அணியினர் பாதியிலேயே வெளியேறிவிடுகிறார்கள். சமமாகப் பிரிக்க வழி உண்டா? – வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் சிக்கலில் ஒரு பகுதி ஆள் எடுக்கும் வரிசையிலேயே இருக்கிறது. பத்துப் பேருக்கும் திறமைப்படி 10 முதல் 1 வரை மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். 10 பெற்றவரும் 9 பெற்றவரும் கேப்டன்களாகி, முதலாமவர் தொடங்கி மாறி மாறி எடுத்தால், ஓர் அணிக்கு 30, மற்ற அணிக்கு 25 என்று வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் எடுப்பவருக்கே ஒரு மதிப்பெண் கூடுவதுதான் காரணம். அதற்குப் பதிலாக, 9 பெற்ற கேப்டன் முதலில் ஒருவரை எடுக்கட்டும். அடுத்து 10 பெற்றவர் இரண்டு பேரையும், பிறகு 9 பெற்றவர் இரண்டு பேரையும், மறுபடி 10 பெற்றவர் இரண்டு பேரையும் எடுத்து, கடைசி ஆள் 9 பெற்றவருக்கு வரட்டும். அதே பத்துப் பேர் 28, 27 என்று பிரிந்துவிடுவார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடு மட்டும் போதாது. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையே உள்ள தூரம், ஆறாம் ஆளுக்கும் ஏழாம் ஆளுக்கும் இடையே உள்ளதைவிடப் பல மடங்காக இருக்கலாம்; வரிசை எண் அதைச் சொல்லாது. அதைச் சொல்வது புள்ளிக்கணக்கு. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோ சதுரங்கத்துக்காக வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்ட முறையே உங்களுக்கும் போதும். எல்லோருக்கும் 1000 புள்ளியில் தொடங்கி, அணியின் சராசரியை அணியின் பலமாகக் கொள்ளுங்கள். இரு சராசரிகளுக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால் பலமான அணி வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. 200 என்றால் 76. எதிர்பார்த்த அணி வென்றால் சில புள்ளிகளும், எதிர்பாராத அணி வென்றால் அதிகப் புள்ளிகளும் தோற்றவர்களிடமிருந்து வென்றவர்களுக்கு மாறும். பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரிக்க 126 வழிகள்தான் உண்டு என்பதால், சராசரி மிக நெருக்கமாக வரும் பிரிவை ஒரு எக்செல் தாளே காட்டிவிடும்.

இங்கேதான் அண்ணன் தம்பி விஷயம் வருகிறது. இருவரும் எப்போதும் ஒரே அணியில் ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே புள்ளியைப் பெறுவார்கள், ஒரே புள்ளியை இழப்பார்கள்; வெற்றியில் யார் பங்கு எவ்வளவு என்பதை எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் என்ற புள்ளிமுறையில், ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் ஒருவரது திறமையை அறிய 12 ஆட்டங்கள் போதும் என்றால், நால்வருக்கு நால்வர் ஆட்டத்தில் 46 தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை வாரம் காத்திருக்க முடியாது. எனவே முதலில் பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரை ரகசியமாக வரிசைப்படுத்தித் தரட்டும். எல்லோருக்கும் 1000 என்பதற்குப் பதிலாக, அந்த வரிசைகளின் சராசரிப்படி தொடக்கப் புள்ளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு, முதல் சில வாரங்களுக்காவது சகோதரர்களை எதிரெதிரே நிறுத்துங்கள். வீட்டில் முணுமுணுப்பு எழத்தான் செய்யும். அதன் பிறகு அவர்கள் சேர்ந்தே ஆடலாம். அப்போது அவர்களை ஒரு ஜோடியாக வைத்து, எதிரணியில் அதே அளவு பலமுள்ள இன்னொரு ஜோடியை நிறுத்துவது நல்லது.

எத்தனை பேரைச் சுட்டார் என்ற எண்ணிக்கையை வைத்துப் புள்ளி கொடுக்காதீர்கள். முதலில் உள்ளே நுழைந்து சாகிறவரும், விளையாட்டுப் பணம் குறைந்த தோழருக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பவரும் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் இருப்பார்கள். அவர்கள் இல்லாத அணி தோற்கும்போதுதான் அவர்களது மதிப்பு தெரியும். நான் வெற்றி தோல்வியை மட்டுமே கணக்கில் எடுப்பேன்.

விளையாட்டே தோற்பவருக்குக் கை கொடுக்கிறதே என்று கேட்கலாம். தொடர்ந்து ரவுண்டுகளை இழக்கும் அணியில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் ஊக்கத்தொகை, விளையாட்டுப் பணத்தில் 1,400 டாலரிலிருந்து 3,400 வரை ஏறும் என்பது உண்மைதான். அது துப்பாக்கி வாங்க உதவும், குறி வைக்க உதவாது. அதுபோல, ஓர் அணி தாக்க மற்றது காக்கும் இந்த ஆட்டத்தில், நியூக் போன்ற மேப்புகளில் (ஆட்டக் களங்களில்) காக்கும் தரப்புக்கு இயல்பாகவே சாதகம் அதிகம். ஆகவே 12 ரவுண்டு முடிந்து தரப்பு மாறும் முன் 9-3 என்று இருந்தால், அதை அணிப் பிரிவின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றவே கூடாது. மாற்றப்பட்டவருக்கு அதுவரை ஆடியது வீண் என்று தோன்றும்.

பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் தாமதம், ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும் கவனியுங்கள். ஓசூரில் ஃபைபர் இணைப்பில் ஆடுபவரையும் பென்னாகரத்தில் மொபைல் டேட்டாவில் ஆடுபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இணைப்பு மோசமானவர்கள் எல்லோரும் ஒரே அணியில் சேராதபடி பாருங்கள். ஒருவரது கணினியையே சர்வராக வைத்தால் அவருக்குத் தாமதம் ஏறத்தாழ இல்லாமல் போகும். அவர் கேப்டனாகவும் இருந்தால் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஒன்பது பேர் மட்டுமே வரும் ஞாயிறுகளில் ஐந்துக்கு நான்கு என்று ஆடுவதைவிட, ஆட்டத்துக்கு ஒருவர் முறைவைத்து வெளியே இருக்க, நால்வருக்கு நால்வர் ஆடுவதையே பரிந்துரைப்பேன். வெளியே இருப்பவர் அந்த நேரத்தில் புள்ளிக்கணக்கை எழுதிக்கொள்ளலாம்.