வீட்டுத் தொட்டிச் செடிகளில் கருப்பு ஈ: குருணை போடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். வரவேற்பறையில் மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, பீஸ் லில்லி என்று 11 தொட்டிகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் எல்லாச் செடிகளையும் புதுக் கலவைக்கு, கொஞ்சம் பெரிய தொட்டிகளுக்கு மாற்றினேன். அதிலிருந்து தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மண்ணிலிருந்து கொசு மாதிரி கருப்பு ஈக்கள் கிளம்புகின்றன. வேப்பெண்ணெய்க் கரைசலை இலை நனைய இரண்டு முறை தெளித்தும் குறையவில்லை. பீஸ் லில்லியின் அடி இலைகள் மஞ்சளாகின்றன. தினமும் காலையில் தொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். கடையில் கேட்டேன். மண்ணில் தூவ ஒரு குருணை மருந்தும், மேலே போட வேப்பம் புண்ணாக்கும் கொடுத்தார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடு. குருணையைப் போடலாமா? இந்த ஈ கடிக்குமா?

பதில்: கடிக்காது அம்மா. குருணைப் பொட்டலத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். வயலுக்கென்று செய்த பூச்சிக்கொல்லியை, குழந்தை தவழ்கிற அறையில், கை எட்டும் உயரத்தில் உள்ள தொட்டியில் போடச் சொன்னவரிடம் இனி செடி சம்பந்தமாக எதுவும் கேட்க வேண்டாம். என்ன செடி, எங்கே வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பொட்டலத்தை எடுத்து நீட்டுபவர் சரக்கைத்தான் பார்க்கிறார், செடியை அல்ல.

நீங்கள் சொல்வது பூஞ்சை ஈ. காளான் வளர்ப்பவர்களுக்குத் தலைவலி கொடுக்கிற காளான் ஈயின் குடும்பம்தான். பழத்தைச் சுற்றும் சிவப்புக் கண் ஈ வேறு. இது 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், கருப்பு உடல், நீண்ட கால்கள். சரியாகப் பறக்கவும் தெரியாது, மண் மேலேயே ஓடித் திரியும். பறக்கிற ஈ செடியைத் தொடுவதில்லை. அதன் புழுதான் மண்ணுக்குள் பூஞ்சையையும் மக்குகிற குப்பையையும் தின்கிறது. கூட்டம் பெருகிவிட்டால் மெல்லிய வேர்களையும் கடிக்கும். நீங்கள் இலையில் தெளித்த வேப்பெண்ணெய் இந்தப் புழுவின் பக்கமே போயிருக்காது.

புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு உருளைக்கிழங்கு போதும். விரல் தடிமனுக்கு ஒரு வில்லை வெட்டி, வெட்டிய பக்கம் ஈர மண்ணில் படும்படி அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் புரட்டினால், நூல் துண்டு போல, கண்ணாடி மாதிரி வெளுத்த உடம்பும் பளபளக்கும் கருப்புத் தலையுமாக நெளியும். உள்ளே தின்ற மண் கருப்புக் கோடாகத் தெரியும். புழுவோடு அந்த வில்லையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள், அதுவும் கொஞ்சம் ஒழியும்.

சரி, குருணை மருந்து போடலாமா என்று கேட்டீர்கள். ஆனால் இரண்டு மாதமாக அந்த மண் ஏன் காயவே இல்லை என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பெண் ஈ ஈரமான மேல்மண்ணைத் தேடித்தான் வந்து முட்டையிடும். ஒன்றே 100, 200 முட்டை வரை இடும். முட்டையும் பிஞ்சுப் புழுவும் காய்ந்த மண்ணில் பிழைக்காது. புழுக்களில் பெரும்பகுதி மேலே உள்ள 5 முதல் 7 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அந்த மேல்மண்ணை நீங்கள் தினமும் காலையில் ஒரு டம்ளர் ஊற்றி நனைத்துக் கொடுக்கிறீர்கள். பீஸ் லில்லி மஞ்சளாவதற்கும் முதல் சந்தேகம் ஈ மேல் எனக்கு இல்லை. காற்றில்லாமல் வேர் அழுகத் தொடங்கியிருக்கும். அழுகலுக்கும் ஈக்கும் காரணம் ஒரே ஈரம்தான்.

நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். யார் என்ன அட்டவணை கொடுத்தாலும் வாங்காதீர்கள். "வாரம் இரண்டு முறை" என்று அச்சடித்து ஒட்டி விற்கிறார்களே, அந்தச் சீட்டை முதலில் கிழித்துப் போடுங்கள். ஜன்னலோரத் தொட்டியும் அறை மூலையில் இருக்கும் தொட்டியும் ஒரே வேகத்தில் காயாது. மழை நாளும் வெயில் நாளும் ஒன்றல்ல. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைத்து, தண்ணீர் வடிந்ததும் ஒரு முறை தூக்கி அந்தக் கனத்தைக் கையில் பதிய வையுங்கள். அப்புறம் தினமும் ஒரு தூக்கு. தொட்டி வெறும் கூடு போல லேசாகிறபோது ஊற்றினால் போதும். பிளாஸ்டிக் தொட்டியில் இந்த வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். பாம்புக் கற்றாழைக்கு மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். பீஸ் லில்லி தாகம் எடுத்தால் தானே துவண்டு காட்டும், ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துகொள்ளும். ஊற்றும்போது தினம் ஒரு டம்ளர் என்றில்லாமல், அடித்துளை வழியாக வழியும் வரை ஒரேயடியாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

துளை என்றதும் இன்னொரு கேள்வி. வெளியே அழகான பீங்கான் தொட்டி, உள்ளே பிளாஸ்டிக் தொட்டி என்று வைத்திருக்கிறீர்களா? உள்தொட்டியை உருவிப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் அளவு நாறிய தண்ணீர் நின்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே வேண்டாம். துளையில்லாத தொட்டியில் அடியில் ஜல்லி போட்டால் வடிந்துவிடும் என்று விற்கிறார்கள், அது பொய். ஜல்லிக்கு மேலே உள்ள மண் நிறைய ஊறிய பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும், ஈரமான அடுக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். மேலே பரப்பும் அலங்காரக் கூழாங்கல்லும் வேண்டாம். இடுக்கு வழியாக ஈ உள்ளே போய்விடும், விரல் வைத்துப் பார்க்க மட்டும் உங்களுக்கு வழி இருக்காது. அப்புறம், பெரிய தொட்டிக்கு மாற்றினேன் என்றீர்களே. சின்ன வேர் குடிக்கிற தண்ணீர் கொஞ்சம், மிச்ச மண் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். வேர்க்கட்டியை விட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும்.

புதுக் கலவையையும் சந்தேகப்படுங்கள். அரைகுறையாக மக்கிய குப்பையும் மூட்டையிலேயே ஈரமாக அடைத்த தென்னை நார்க்கழிவும் பல நேரம் புழுவோடுதான் வரும். அடுத்த முறை மூட்டையைப் பிரித்ததும் மோந்து பாருங்கள், மழை மண் வாசம் வர வேண்டும். புளித்த வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மருந்து வேண்டும் என்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா, அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது, கொசுப் புழுவுக்குப் பயன்படுவதும் இதுதான். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். "பி.டி. தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று அதே பாக்டீரியாவின் குர்ஸ்டாகி என்ற வேறு வகையைத் தலையில் கட்டுவார்கள். அது இலை தின்னும் புழுவுக்கானது, இந்தப் புழு அதைத் தின்றாலும் சாகாது. பாக்கெட்டில் போட்ட அளவில் கலந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய முறை வரும்போது அந்தத் தண்ணீராகவே ஊற்றுங்கள். மருந்துக்கென்று தனியாக நனைத்தால் மறுபடி ஈரத்தில்தான் போய் நிற்பீர்கள். மண்ணில் இது அதிக நாள் தாங்காது, முட்டையையும் கூட்டுப்புழுவையும் ஒன்றும் செய்யாது. அதனால் மூன்று நான்கு தடவையாவது ஊற்ற வேண்டும்.

மஞ்சள் ஒட்டு அட்டையைத் தொட்டி விளிம்புக்குக் கீழே, மண்ணுக்கு ஒட்டினாற்போல் படுக்கையாக வையுங்கள். பறக்கிறதை மட்டும்தான் பிடிக்கும், ஆனால் கூடுகிறதா குறைகிறதா என்று கணக்குக் காட்டும். முட்டையிலிருந்து ஈயாக மூன்று நான்கு வாரம் ஆகும். ஆகவே முதல் வாரத்திலேயே குறையவில்லை என்று கடைக்கு ஓடாதீர்கள். மண் மேல் தூவச் சொல்கிற இலவங்கப்பட்டைத் தூளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண்ணில் ஊற்றச் சொல்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு மேலே பட்ட புழுவைக் கொல்லும், கூடவே மண்ணில் உள்ள நல்ல உயிர்களையும்.

பீஸ் லில்லியை மட்டும் இன்றே தொட்டியிலிருந்து கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் அப்படியே திரும்ப வையுங்கள். பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் கையில் வந்தால், அழுகியதை நறுக்கிவிட்டு, சின்னத் தொட்டியில் புது மண்ணில் நட்டு, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். புதுத் தளிர் வரும் வரை உரம் எதுவும் கொடுக்காதீர்கள். வாங்கிய வேப்பம் புண்ணாக்கை வீட்டுக்குள் தொட்டி மேல் தூவ வேண்டாம், ஈர மண்ணில் அது பூசணம் பிடித்துப் புழுவுக்குத் தீனியாகிவிடும். வெளியே மண்ணில் நிற்கிற செடிக்கு, மண்ணோடு கொத்திப் போடுங்கள்.