வாசகர் கேள்வி: பருத்தித்துறைக்குத் தனியே சைக்கிளில்

சைக்கிளில் நெடுந்தூரம் போவது பற்றி வந்த கடிதங்களில் ஒன்றுக்கு இந்த முறை விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டும் சின்னக் கேள்விகள், அவற்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஊர் களுவாஞ்சிக்குடி. வேலைக்குத் தினமும் மட்டக்களப்பு டவுனுக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன், போகவர 60 கிலோமீற்றர் வரும். ஜூலையில் நாலு நாள் லீவு கிடைக்கும். திருகோணமலை, வவுனியா, யாழ்ப்பாணம் வழியாகப் பருத்தித்துறை வரை தனியே போக ஆசை. நாளுக்கு 150 கிலோமீற்றர் என்று மூன்று நாளுக்கு அட்டவணை போட்டிருக்கிறேன், நாலாம் நாள் பஸ்ஸில் திரும்பலாம். சைக்கிள் கியர் உள்ளது, பின்னால் கரியர் இருக்கிறது. இது முடிகிற காரியமா? வீட்டில் எல்லோரும் விசர் என்கிறார்கள்.
– எஸ்., களுவாஞ்சிக்குடி

பதில்: முடியும் தம்பி. தினமும் 60 உழக்குகிற காலுக்கு ஒரு நாள் 150 என்பது பெரிய விசயமில்லை. ஆனால் அதே கால் மறுநாளும் அதற்கு மறுநாளும் அதையே செய்யுமா என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதோடு இந்த றோட்டை மூன்று 150 ஆகச் சமமாக வெட்ட முடியாது, படுக்க வசதியான ஊர்கள் அந்தத் தூரங்களில் இல்லை. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை கிட்டத்தட்ட 130. அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா 95 சொச்சம். வவுனியாவிலிருந்து ஏ9 றோட்டைப் பிடித்தால் யாழ்ப்பாணம் 140க்கு மேல், பருத்தித்துறைக்கு இன்னும் ஒரு 33. களுவாஞ்சிக்குடியிலிருந்தே வெளிக்கிட்டால் முதல் நாளே 160 ஆகிவிடும், எனவே முந்தின நாள் பின்னேரமே மட்டக்களப்புக்கு வந்து சொந்தக்காரர் யார் வீட்டிலாவது படுத்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். அப்போது பெரிய நாள், சின்ன நாள், பெரிய நாள் என்று அமையும். பருத்தித்துறையை நாலாம் நாள் காலைக்கு விடுங்கள், லீவையும் ஒரு நாள் கூட்டிக் கேளுங்கள்.

இனி நேரக் கணக்கு. சாமான் ஏற்றிய சைக்கிளில் மணித்தியாலத்துக்கு 18 கிலோமீற்றர் போனால் 150க்கு எட்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. 20 போனால் ஏழரை. வேகத்தைக் கூட்டி நாக்குத் தள்ள உழக்கி நீங்கள் மிச்சம் பிடிப்பது 50 நிமிடம்தான், அதை வாழைச்சேனையில் ஒரு தேத்தண்ணியும் ஃபோனில் ஒரு பேச்சும் தின்றுவிடும்! நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் இரகசியமே இதுதான். ஓடாக்ஸ் என்கிற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீற்றருக்குக் கொடுக்கிற நேரம் பதின்மூன்றரை மணித்தியாலம், அதாவது நிற்கிற நேரமும் சேர்த்து மணிக்கு 15 கூட வராது. பாரிஸிலிருந்து பிரெஸ்ற் போய்த் திரும்புகிற 1200 கிலோமீற்றருக்கு 90 மணித்தியாலம். அதை முடிக்கிறவர்களில் எத்தனையோ பேர் வேகக்காரர்கள் இல்லை, சும்மா நிற்காதவர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் நில்லுங்கள், அதற்குள் போத்தல் நிரப்புவது, சாப்பிடுவது, ஒதுங்குவது எல்லாம் முடியட்டும்.

அப்படியென்றால் பகல் முழுக்க ஓடலாமா என்றால், ஜூலையில் கூடாது. நம் பக்கம் வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து அடிக்கிற காலம் அது. மட்டக்களப்பில் காலை 5 மணிக்கு விளக்கோடு வெளிக்கிட்டால் ஏறாவூர், செங்கலடி, கிரான் எல்லாம் வீடும் கடையும் உள்ள பாதை, விடிந்து கொஞ்ச நேரத்தில் வாழைச்சேனை. மாங்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை என்று வெயில் ஏறுமுன்னே கடந்து, 11 மணிபோல வெருகல் தாண்டி 90 கிலோமீற்றர் முடித்திருந்தால் அன்றைய நாள் உங்கள் கையில். எங்காவது நிழலில் சாப்பிட்டு, சப்பாத்தைக் கழற்றிப் போட்டு மூன்று மணி வரை படுங்கள். மிச்சம் 40, மூதூரும் கிண்ணியாவும் கடந்து பொழுது படுமுன் திருகோணமலை. இதே வழியில் முன்பு படகுப் பாதைக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது, இப்போது எல்லாம் பாலம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலையில் அது தென்மேற்கிலிருந்து வருவதால் வடமேற்கே போகிற உங்களுக்கு முதல் நாள் பெரும்பாலும் இடப் பக்கமாக, கொஞ்சம் பின்னாலிருந்து அடிக்கும். ஏ9இலும் இடப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும், ஆனையிறவு வெட்டையில் மறைப்பு என்று ஒன்றுமே இல்லாததால் சைக்கிளைத் தள்ளிவிடப் பார்க்கும், பின்னால் பஸ் வருகிற சத்தம் கேட்டால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பி வருவதும் சைக்கிளில் என்றால் இந்த மாதம் வேண்டாம், பெப்ரவரி மார்ச் நல்லது என்று சொல்லியிருப்பேன். பஸ் என்கிறீர்கள், அப்ப சரி. சைக்கிளை ஏற்றுவார்களா என்று முன்னரே கேட்டு வையுங்கள்.

யானை. திருகோணமலைக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானை நடமாடும் காடு. வெருகல் பக்கத்திலும் வரும். இருட்டிலும் மம்மல் நேரத்திலும் அந்தத் துண்டுகளில் இருக்கவே கூடாது, இதில் பேரம் இல்லை. இரண்டாம் நாள் 95தான் என்பதால் நன்றாக விடிந்தபிறகு வெளிக்கிட்டாலே போதும். றோட்டில் யானை நின்றால் தூரத்திலேயே நின்று, ஒரு லொறியோ வானோ வரும்வரை பொறுத்து, அதன் மறைவில் போங்கள்.

தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் பின்னேரம் தலையிடியும் சத்தி வருகிற மாதிரியும் இருக்கும், ஏனென்றால் வியர்வையோடு உப்பும் போகிறது. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) பக்கற் நாலைந்து கொண்டுபோங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, அதே வேலையைச் செய்யும். பசித்தபிறகு சாப்பிடலாம் என்று இருக்கவும் வேண்டாம். வாழைப்பழமும் எள்ளுருண்டையும் சேர்ட் பையிலேயே இருக்கட்டும். மத்தியானம் ஒரு கோப்பை சோறும் கறியும் கட்டிவிட்டு உடனே ஏறினால் கண் சொருகும், தயிர்ச் சட்டியையும் இரவுக்கே வையுங்கள்.

நெடுந்தூரத்தில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காலைவிட உட்காருகிற இடம்தான். மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்று வாங்குங்கள், அதற்குள் ஜட்டி போடாதீர்கள் (சிரிக்க வேண்டாம், தையல்தான் தோலை உரிக்கிறது), உரசுகிற இடத்தில் வாசலின் பூசுங்கள், இரவில் தோய்த்துக் காயப் போடுங்கள். இரண்டு இருந்தால் தலையிடி இல்லை.

சைக்கிளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பின்சில்லு. பாரம் முழுக்க அதில்தான், கம்பி உடைந்தால் அநேகமாக அங்கே, அதுவும் செயின் பக்கம். ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிப் பாருங்கள், ஒரே பக்கத்தில் உள்ளவை ஏறக்குறைய ஒரே சத்தம் தரும். ஒன்று மட்டும் தொய்ந்த சத்தம் தந்தால் அது இளகியிருக்கிறது, கடையில் கொடுத்துச் சில்லை நேராக்கிக்கொள்ளுங்கள். இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், காற்றடிக்கிற பம்ப், டயர் கழற்றும் நெம்பு, செயின் கழற்றும் கருவி, இவ்வளவும் போதும். காற்றுப் போனால் அவசரத்தில் புது டியூபைப் போட்டு ஓடாமல், டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். முள்ளின் நுனி உள்ளேயே நின்றால் அடுத்த டியூபையும் அதுவே குத்தும்.

போகுமுன் ஒரு ஒத்திகை. ஒரு சனிக்கிழமை அதே சாமானோடு கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் போங்கள், உங்கள் ஊரிலிருந்து 80 அளவில் வரும். அங்கே படுத்து ஞாயிறு திரும்புங்கள். போகும்போது எதிர்க்காற்று, இரண்டாம் நாள் ஏறும்போது உடம்பு என்ன சொல்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். திங்கள் விடிய வேலைக்கும் சைக்கிளிலேயே போக முடிந்தால் வீட்டாருக்குத் தைரியமாகச் சொல்லலாம். அவர்களிடம் ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் படுப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் ஒரு கோல் எடுங்கள். விசர் என்பதை வாபஸ் வாங்குவார்களோ தெரியாது, நிம்மதியாகப் படுப்பார்கள்.

கேள்வி: 40 கிலோமீற்றர் தாண்டினால் முழங்காலின் முன்பக்கம் நோகிறது. வயது போய்விட்டதா?
– காரைதீவு வாசகர்

பதில்: வயதைக் குற்றம் சொல்லுமுன் சீட்டைப் பாருங்கள். நம் ஆட்கள் கால் ஊன்ற வசதி என்று சீட்டைப் பதித்தே வைத்திருப்பார்கள். சீட்டில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்துக் கீழே விடுங்கள், கால் நேராக நீள வேண்டும். நீளாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். பாரமான கியரில் மெதுவாக உழக்குவதையும் விட்டு, இலேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: விடியப்புறம் போனால் நாய்கள் துரத்துகின்றன. என்ன செய்வது?
– ஏ., ஓட்டமாவடி

பதில்: ஓடி வெல்ல நினைத்தால் அதுவும் ஓடும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள், அநேகமான நாய்கள் அத்தோடு அலுத்துவிடும். கடித்துவிட்டால், காயம் சின்னதென்று விடாமல் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம்.