உறையில் அச்சிட்ட விலை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நியூயார்க் ரமோன்ஸ் குழுவின் கழுகு முத்திரையை எத்தனையோ பனியன்களில் அடித்திருக்கிறேன். அப்படித்தான் பங்க் என்ற அந்த வேகமான, முரட்டு ராக் இசையைக் கேட்கத் தொடங்கினேன். அந்தப் பனியனைப் போட்டுத் திரிகிற பையன்களிடம் கேட்டால் ஏதோ கம்பெனி பெயர் என்கிறார்கள். பங்க் செத்துப் பனியனாகிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. மேலைநாட்டு வசதியான வீட்டுப் பிள்ளைகள் சில வருடம் ஆடிய கூத்து, அதற்கு மேல் என்ன மிஞ்சியிருக்கிறது? அது தொடங்கியது நியூயார்க்கிலா, லண்டனிலா? அடுத்து எதைக் கேட்கலாம்?

க.

அன்புள்ள க.,

என் புத்தகம் ஒன்றின் மறுபதிப்புக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விலையை ஏற்றிவிட்டார்கள். ஒரு பொருளுக்கு யார் விலை வைப்பது என்ற யோசனையிலேயே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நியூயார்க்கா லண்டனா என்ற பஞ்சாயத்து வேண்டாம். அதில் இறங்கினால் 1960களிலேயே லிமாவில் எங்கள் லாஸ் சைகோஸ் குழுவினர் இப்படிக் கத்திவிட்டார்கள் என்று பெரு நாட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள், பொழுது விடிந்துவிடும். கிழிந்த சட்டை, ஊக்கு, சீப்புப் போல நிற்கும் முடி, இதையெல்லாம் நீங்களே படத்தில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ‘வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கூத்து’ என்று எழுதினீர்களே, அதை விட முடியாது. யாரோ சொன்னதை வாங்கி அப்படியே திருப்பிச் சொல்கிறீர்கள். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவில் பாடிய பாலி ஸ்டைரீன் யார் தெரியுமா? சோமாலிய அப்பாவுக்கும் ஸ்காட்டிஷ்-ஐரிஷ் வம்சாவளி அம்மாவுக்கும் பிறந்து, லண்டனில் குடியேறிகள் நிறைந்த பிரிக்ஸ்டனில் வளர்ந்த பெண். 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் அனாதைக் குழந்தைகளுக்கு நிதி திரட்ட பங்க் பிள்ளைகள் ஒரு கச்சேரி வைத்தார்கள். போலீஸ் புகுந்து அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துப்போய், மொட்டையடித்து, குளத்தில் முக்கி, பத்து நாள் ‘திருத்தி’ அனுப்பியது. பெண்களின் முடியையும் விடவில்லை. அவர்களிடம் போய் இது மேலைநாட்டுக் கூத்து என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, விலைக்கு வருகிறேன்.

லண்டனில் படித்த காலத்தில் மாலை நேரங்களில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கடையில் நின்றேன். கிராஸ் என்றொரு குழு, எஸ்ஸெக்ஸில் ஒரு பழைய பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்தவர்கள், தங்கள் தட்டுகளின் உறையில் ‘இதற்கு மேல் கொடுக்காதீர்கள்’ என்று விலையையும் சேர்த்தே அச்சிட்டுவிடுவார்கள். எங்கள் கடைக்காரர் சரியாக அந்த வரியின் மேல் தன் விலைச்சீட்டை ஒட்டுவார். ஒருநாள் பதினாறு வயது இருக்கும், ஒரு பெண் வந்து, என் கண்ணெதிரே நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்தச் சீட்டை உரித்து, கீழே இருந்த எண்ணைக் காட்டி, அந்தக் காசை மட்டும் சில்லறையாக எண்ணி வைத்தாள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் வருமே, அந்தக் கோபம். கடைக்காரர் காசை வாங்கவில்லை, வெளியே போகச் சொன்னார். அவள் போகவில்லை. தட்டோடுதான் போனாள்.

அந்தக் குழுவின் கதையே அந்த வரிக்குள் இருக்கிறது. 1978இல் அவர்களுடைய முதல் தட்டை அச்சடிக்கக் கொடுத்தபோது, முதல் பாடல் மதத்தை நிந்திக்கிறது என்று அயர்லாந்து ஆலைத் தொழிலாளர்கள் கைவைக்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பாடல் இருந்த இடத்தில் இரண்டு நிமிட மௌனத்தை வைத்து, அதற்குப் ‘பேச்சுரிமையின் ஓசை’ என்று பேரும் வைத்து வெளியிட்டார்கள். இனி யாரையும் அண்டக்கூடாது என்று சொந்தமாக ஒரு லேபிள், அதாவது தட்டு வெளியிடும் நிறுவனம், தொடங்கி, மறு வருடம் அதே பாடலைத் தனித் தட்டாக 45 பென்ஸுக்கு விற்றார்கள். மற்றவர்கள் அப்போது 90 பென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மதிப்புக்கூட்டு வரியைக் கணக்கில் சேர்க்க மறந்ததால் விற்ற ஒவ்வொரு தட்டிலும் நஷ்டம். பிறகு கணக்கைச் சரிசெய்துகொண்டார்கள், உறையில் விலை போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அதே புத்தி வாஷிங்டனிலும் வேலை செய்தது. டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிப் பையன்களின் குழு கச்சேரிகளில் கிடைத்த காசைப் பிரித்துக்கொள்ளாமல் சேர்த்து வைத்தது, 600 டாலர் போல. 1980இல் குழு கலைகிறபோது அந்தக் காசில் ஒரு தட்டு போட்டார்கள். உறை செய்யத் தெரியாது. இங்கிலாந்துத் தட்டு ஒன்றின் உறையைப் பிரித்து விரித்து, அதன் மேல் கோடு போட்டு அளவெடுத்து, அச்சடித்த தாள்களை நண்பர்களோடு உட்கார்ந்து கத்தரியால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ஆயிரம் உறை! டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற அவர்களுடைய லேபிள் அப்படித்தான் பிறந்தது, இன்றும் நடக்கிறது. அதை நடத்தும் இயன் மெக்கேய்தான் பிறகு ஃபுகாசி குழுவை ஆரம்பித்தார். கச்சேரிக்குப் பெரும்பாலும் ஐந்து டாலர்தான், எந்த வயதுப் பிள்ளையும் வரலாம். கூட்டத்தில் எவனாவது மற்றவர்களை இடித்து மிதித்தால் பாட்டை நிறுத்தி, அவன் கொடுத்த ஐந்து டாலரை ஓர் உறையில் போட்டுக் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்புவார்கள். பெரிய நிறுவனங்கள் வலை வீசின, அவர்கள் போகவில்லை.

மிஞ்சியது என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? இதுதான் மிஞ்சியது. செய்தவன் விலை வைக்கலாம், அதுவும் வாங்குகிறவனின் சட்டைப்பையைப் பார்த்து வைக்கலாம், நடுவில் நிற்கிறவனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஜகார்த்தா பக்கம் மார்ஜினல் என்ற பங்க் குழுவினர் தெருவில் திரியும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து உகுலேலே என்ற சின்ன கிதாரை வாசிக்கவும் மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சடிக்கவும் சொல்லித்தருகிறார்கள். அதற்கும் வேர் இதுவே. நீங்கள் கடை பொம்மை மாட்டியிருக்கும் பனியனைப் பார்த்துவிட்டு செத்துவிட்டது என்கிறீர்கள்.

அதிலும் நீங்கள் சொல்வதுதான் எனக்கு வருத்தம். ஸ்கிரீனில் மை இழுக்கத் தெரிந்தவர் நீங்கள். அந்த மரக்கட்டைப் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் தொழில் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை சும்மா கிடக்கும்போது உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை உங்கள் விலைக்கு அடித்துக் கொடுக்க யாரைக் கேட்க வேண்டும்? முதலாளியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அது தப்பில்லை.

அடுத்து எதைக் கேட்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஃபுகாசி தங்கள் கச்சேரிகளின் ஒலிப்பதிவுகளை, எண்ணூறுக்கும் மேல் இருக்கும், 2011 முதல் டிஸ்கார்ட் தளத்தில் விற்கத் தொடங்கினார்கள். ஐந்து டாலர் கொடுங்கள் என்பார்கள், ஆனால் ஒரு டாலரிலிருந்து நூறு டாலர் வரை கொடுப்பவரே போட்டுக்கொள்ளலாம் என்றுதான் வைத்தார்கள். ஏதாவது ஓர் ஊரின் கச்சேரியில் தொடங்குங்கள். ஒரு டாலர் போதும்.