பேச்சு சரியா வராத தம்பி குரூப்ல போய் என்ன பண்ணுவான்?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயசு. அறிவுசார் குறைபாடு இருக்கு, ரெண்டு மூணு வார்த்தை சேர்த்துதான் பேசுவான். அப்பா தவறி எட்டு மாசம் ஆச்சு, வெளியூர் போயிருக்கார்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். இப்ப தூங்குறதில்ல, சாமான தூக்கி எறியுறான். டாக்டர் இவங்க அப்படித்தான்னு சொல்லிட்டார். இவங்களுக்குன்னே மனநல குரூப் நடக்குதாம். குழந்தை மாதிரி இருக்கவன் அங்க போய் என்ன பேசுவான் அக்கா?

பதில்: இவங்க அப்படித்தான்னு சொன்னத ஏத்துக்காதீங்கம்மா. எட்டு மாசம் முன்னாடி அவன் இப்படி இல்லல்ல? எல்லாத்தையும் குறைபாட்டு மேல போட்டுட்டு உள்ள இருக்க மன அழுத்தத்த கவனிக்காம விடுறதுக்கு டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்னு 1982லயே பேர் வச்சுட்டாங்க, இன்னும் நடந்துட்டுதான் இருக்கு. முதல்ல பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தைராய்டு இதெல்லாம் பாக்கச் சொல்லுங்க, வலிய சொல்லத் தெரியாமயும் எறிவாங்க.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். அப்பா செத்துட்டார்னு அவன்கிட்ட சொல்லிடுங்க. வெளியூர் போனவர் திரும்பி வரணும்ல, அவன் எட்டு மாசமா காத்துட்டு இருக்கான், ஏன் என்ன விட்டுட்டுப் போனார்னு கூட நெனச்சிருப்பான். சாமி கிட்ட போயிட்டார், தூங்குறார்னு எல்லாம் சுத்தி வளைக்காம, அப்பா உடம்பு நின்னு போச்சு, இனி வரமாட்டார்னு நேரா சொல்லி, போட்டோவ கையில குடுத்து கூட உக்காருங்க. திரும்பத் திரும்ப கேப்பான், ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையில சொல்லுங்க.

இதுக்கப்புறம்தான் குரூப். நல்லா நடத்துற இடத்துல ஆள் கம்மியாதான் இருப்பாங்க, ஆறு எட்டு பேர், நடத்துறவங்க ரெண்டு பேர், வாராவாரம் அதே ரூம் அதே நேரம். முகம் போட்ட படத்தக் காட்டி இன்னிக்கு நீ எதுன்னு கேப்பாங்க, கோவம் வந்தா மூச்ச எப்படி விடுறதுன்னு செஞ்சு பாப்பாங்க, பேச்சு கம்மியா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. பக்கத்துல ஒருத்தர் எங்கம்மாவும் செத்துட்டாங்கன்னு சொல்றத கேக்குறது இருக்கே, அத வீட்ல நாம யாரும் குடுக்க முடியாதும்மா.

அவன் குழந்தை இல்ல, 34 வயசு ஆம்பள, அதனால போலாமான்னு அவன்கிட்டயே கேளுங்க. வெறுமனே கேட்டா நம்ம முகத்தப் பாத்து எதுக்கும் ஆமான்னுடுவான், அந்த ரூம் போட்டோவையும் வீட்டு போட்டோவையும் வச்சு காட்டச் சொல்லுங்க, ஒரு நாள் கூட்டிட்டுப் போய் பத்து நிமிஷம் உக்கார வைங்க. எழுந்து வந்துட்டா திட்டாம கூட்டிட்டு வந்துடுங்க, அடுத்த வாரம் மறுபடி கேக்கலாம்.